பொது முன்னுரிமை வரித் திட்டம்

வளரும் நாடுகளிலிருந்து வரும் பொருள்களுக்கு இறக்குமதி செய்யும் வளர்ந்த நாடு சுங்க வரியைக் குறைத்தோ முழுதும் நீக்கியோ அளிக்கும் சலுகை, பொது முன்னுரிமை வரித் திட்டம் எனப்படும். ஏற்றுமதியாளர்களிடையே இது ஜி.எஸ்.பி. என்றே வழங்குகிறது. சலுகை பெறும் நாடு பதிலுக்குத் தன் வரியைக் குறைக்க வேண்டியதில்லை.

மூலப்பொருள்களை மட்டும் விற்று வந்த நாடுகள் தொழில்மயமாக வேண்டுமானால் அவற்றின் தொழிற்பொருள்களுக்குப் பணக்கார நாடுகளின் சந்தை திறக்க வேண்டும் என்று வாதிட்டவர் அர்ஜென்டினப் பொருளியலறிஞர் ரவுல் பிரெபிஷ். 1964இல் ஜெனீவாவில் கூடிய ஐ.நா. வர்த்தக வளர்ச்சி மாநாட்டில் (அங்டாட்) அவர் இக்கருத்தை வலியுறுத்தினார். 1968இல் புது தில்லியில் நடந்த இரண்டாம் மாநாடு திட்டத்தைக் கொள்கையளவில் ஏற்றது.

ஒரு நாட்டுக்குத் தரும் வரிச்சலுகையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தர வேண்டும் என்ற சுங்க வரி, வர்த்தகம் பற்றிய பொது ஒப்பந்தத்தின் (காட்) விதி இதற்குத் தடையாக இருந்தது. 1971 ஜூனில் அவ்விதியிலிருந்து பத்தாண்டு விலக்கு அளிக்கப்பட்டது. 1979இல் விலக்கு நிரந்தரமாயிற்று. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகமும் ஜப்பானும் 1971இலும், கனடா 1974இலும், அமெரிக்கா 1976இலும் திட்டத்தை நடைமுறைப்படுத்தின.

எந்தப் பொருளுக்கு, எந்த நாட்டுக்குச் சலுகை என்பதை அளிக்கும் நாடே முடிவு செய்கிறது. அமெரிக்கா பெரும்பாலான துணி வகைகளையும் காலணிகளையும் பட்டியலில் சேர்க்கவில்லை. வளர்ந்துவிட்டதாகக் கருதிய தென் கொரியா, தைவான், சிங்கப்பூர், ஹாங்காங் ஆகியவற்றை 1989இல் நீக்கியது. பொருள் சலுகை பெறும் நாட்டிலேயே போதிய அளவு உருவாகியிருக்க வேண்டும் என்ற மூலநாட்டு விதியும் உண்டு. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் இதைத் தளர்த்தியது. வெளிநாட்டுத் துணியில் தைத்த ஆடைக்கும் சலுகை கிடைத்தது. இந்நாடுகளின் ஆயுதம் தவிர்ந்த பொருள்கள் அனைத்துக்கும் 2001இலேயே அது வரியை நீக்கியிருந்தது.

போதைப்பொருள் ஒழிப்பைக் காரணம் காட்டிப் பாகிஸ்தான் உள்ளிட்ட 12 நாடுகளுக்கு ஒன்றியம் தனிச் சலுகை அளித்ததை எதிர்த்து, இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. நாடுகளிடையே வேறுபாடு காட்டலாம், ஆனால் அதற்குப் புறநிலையான அளவுகோல் வேண்டும் என்று 2004இல் தீர்ப்பு வந்தது. அதன் பின் உருவான ஜி.எஸ்.பி. பிளஸ், மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி தொடர்பான 27 சர்வதேச உடன்படிக்கைகளை நிபந்தனையாக்கியது. இலங்கை ஆயத்த ஆடைத் தொழில் இதனால் பயன்பெற்றது. மனித உரிமை உடன்படிக்கைகளைச் செயற்படுத்துவதில் குறைபாடு கண்ட ஒன்றியம், 2010 ஆகஸ்டில் சலுகையை நிறுத்தி, 2017 மே மாதம் மீண்டும் வழங்கியது.

இந்தியா தன் சந்தையில் அமெரிக்கப் பொருள்களுக்கு நியாயமான இடம் தரவில்லை என்று கூறி அமெரிக்கா 2019 ஜூனில் அந்நாட்டைத் தன் திட்டத்திலிருந்து நீக்கியது. ஒப்பந்தக் கடமையாக இல்லாமல் அளிப்பவரின் விருப்பமாக இருப்பதே இத்திட்டத்தின் அடிப்படைப் பலவீனம். அமெரிக்கத் திட்டத்தின் சட்டக் காலம் 2020 டிசம்பர் 31இல் முடிவடைந்தது.