அழிந்துபோன மூன்றெழுத்துக்கள்: வீடியோ விளையாட்டு நிலையங்களும் வரலாற்றுச் சான்றும்

இளமைக்கால நினைவுகளை வரலாற்றாசிரியர் ஐயத்துடன் நோக்குவது வழக்கம். இனியவற்றைப் பேணிக் கசந்தவற்றைக் கைவிடுதல் நினைவின் இயல்பு என்பதே அதற்குக் காரணமாகும். ஆயினும், நினைவைத் தவிர வேறு சான்று அதிகம் எஞ்சாத களங்களும் உள. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் அமெரிக்கா, யப்பான், பிரித்தானியா ஆகிய நாடுகளின் நகரங்களிலே பெருகியிருந்த வீடியோ விளையாட்டு நிலையங்கள் அத்தகைய களங்களுள் ஒன்றாகும். அங்கு இளமையைக் கழித்தோர் பலர் இன்று ஐம்பது, அறுபது வயதை எட்டியுள்ளனர். ஏக்கம் ததும்பும் அவர்தம் நினைவுகளை வரலாற்று மாணவர் எங்ஙனம் கையாளல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

1972 இல், கலிபோர்ணியாவின் சன்னிவேல் நகரிலுள்ள மதுச்சாலையொன்றில் அட்டாரி நிறுவனத்தின் 'பொங்' இயந்திரம் பரீட்சார்த்தமாக வைக்கப்பட்டது. சில நாட்களில் அது இயங்காது நின்றது. திறந்து பார்த்தபோது, நாணயக் குற்றிகள் நிரம்பி வழிந்தமையே பழுதுக்குக் காரணம் எனத் தெரிந்ததாக அதனை அமைத்த அலன் அல்கோர்ண் கூறியுள்ளார். 1978 இல் யப்பானின் தைட்டோ நிறுவனத்தைச் சேர்ந்த தொமொஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை ஆக்கினார். அதனை ஆடுவதற்கென்றே அந்நாட்டில் தனிக் கடைகள் தோன்றின. 1980 இல் நம்கோ நிறுவனத்தின் தோரு இவாதானி, ஆண்களே நிறைந்திருந்த இந்நிலையங்களுக்குப் பெண்களையும் ஈர்க்கும் நோக்குடன் 'பக்-மேன்' விளையாட்டை உருவாக்கினார். எட்டு ஆண்டுகளில் ஒரு மதுச்சாலைப் பொழுதுபோக்கு ஒரு தலைமுறையின் சந்திப்பிடமாக மாறிற்று.

நினைவு தவறிழைக்கும் என்பதற்கு இவ்வரலாற்றிலேயே சான்றுண்டு. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' மோகத்தால் யப்பானில் நூறு யென் நாணயத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது என்னும் கதை பல நூல்களிலே திரும்பத் திரும்பக் கூறப்பட்டுள்ளது. ஆனால், ஆய்வாளர் நுணுகி நோக்கியபோது அதனை மெய்ப்பிக்கத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. கேட்போர் நம்ப விரும்பியமையாலேயே அக்கதை நிலைபெற்றது எனலாம்.

எனினும், எழுத்திலுள்ள சான்றுகள் மட்டும் நடுநிலையானவையா? நியூயோர்க் நகரில் 1942 இல், பின்போல் இயந்திரங்கள் சூதாட்டக் கருவிகள் எனத் தடைசெய்யப்பட்டன. அத்தடை 1976 இலேயே நீங்கியது. அதே அச்சம் வீடியோ விளையாட்டுக்களையும் தொடர்ந்தது. 1981 இல் இவற்றைக் கட்டுப்படுத்தும் மசோதாவொன்றைக் கொண்டுவர ஜோர்ஜ் ஃபோக்ஸ் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அனுமதி கோரினார். 94க்கு எதிராக 114 வாக்குகளால் அது தோற்கடிக்கப்பட்டது. அதே ஆண்டு பிலிப்பைன்சில் மார்க்கோஸ் ஆட்சி இவ்விளையாட்டுக்களை முற்றாகத் தடைசெய்தது. 1982 இல், அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவர் சி. எவரெட் கூப் இவை இளைஞருக்குத் தீங்கானவை எனக் கூறிப் பின்னர் அது அறிவியற் சான்றின்பாற்பட்டதன்று, தம் சொந்தக் கருத்தே என விளக்கினார். டெக்சாஸ் மாநிலத்தின் மெஸ்கீற் நகரம் பதினேழு வயதுக்குட்பட்டோர் பெற்றோரோ பாதுகாவலரோ இன்றி இத்தகைய இயந்திரங்களை ஆடுதலாகாது என விதித்தமை பற்றிய வழக்கு, அதே ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது.

ஆக, ஆவணக் காப்பகங்களிலே மிகுதியாக எஞ்சியிருப்பது முதியோரின் அச்சமே. இளைஞர் தம் கைப்பட விட்டுச்சென்றவை யாவை? அதிக புள்ளி பெற்றவர் தம் பெயரை மூன்றெழுத்தில் பதியும் வழக்கம் 1979 அளவில் பரவலாயிற்று. ஆனால், அக்கால இயந்திரங்கள் பலவற்றில், இரவில் மின்சாரத்தை நிறுத்தியதும் அப்பட்டியல் அழிந்துவிடும். அடுத்து ஆடவிருப்பவர் ஒரு குற்றியைத் திரையின் ஓரத்தில் வைத்துத் தம் முறையைப் பதிவுசெய்வார்; ஏனையோர் அதனை மதித்தனர். எந்தச் சட்டநூலிலும் இல்லாத இவ்விதி, அங்கு நின்றோரின் நினைவின் வழியாகவே நமக்குப் பெரிதும் தெரியவருகின்றது. முதியோர் ஒழுங்கின்மையைக் கண்ட இடத்தில் இளைஞர் தமக்கென ஓர் ஒழுங்கை அமைத்திருந்தனர் என்பதை இந்நினைவுகளே உணர்த்துகின்றன.

இதனால், அந்நிலையங்கள் மாசற்ற பொற்காலத்துக்குரியவை எனக் கொள்ளல் பொருந்தாது. அவை வணிக நிலையங்கள். ஒருவர் நெடுநேரம் ஆடினால் உரிமையாளருக்கு வருவாய் குறையும். ஆகவே, ஆட்டம் விரைவில் முடியுமாறு கடினமாக்கப்பட்டது. கையிற் குற்றியில்லாதவன் பார்வையாளனாகவே நின்றான். பெண்பிள்ளைகளுக்கு அக்களம் எளிதில் திறக்கவில்லை. ஏக்கத்துடன் நினைவுகூர்வோர் பெரும்பாலும் உள்ளே இடம்பெற்றோரே. வெளியே நின்றோரின் நினைவுகளையும் நாம் தேடவேண்டும்.

வீட்டுக் கணனி விளையாட்டுக் கருவிகள் வலுப்பெற, மேலைநாடுகளில் இந்நிலையங்கள் அருகின. நெடுங்காலம் அவற்றைப் பேணிய யப்பானிலும் சேகா நிறுவனம் 2020 இல் தன் நிலையங்களின் உரிமையிற் பெரும்பகுதியையும், 2022 இல் எஞ்சியதையும் விற்றது. மறுபுறத்தில், நியூயோர்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012 இல் 'பக்-மேன்' விளையாட்டைத் தன் சேகரிப்பிற் சேர்த்தது. ஒரு காலத்தில் பாராளுமன்றங்கள் அஞ்சிய பொருள் இன்று கலைப்பொருளாயிற்று.

ஆனால், அருங்காட்சியகம் விளையாட்டைப் பேணலாம்; அதைச் சூழ நின்ற கூட்டத்தைப் பேணவியலாது. ஆடியோர், பார்த்து நின்றோர், வாயிலில் தடுக்கப்பட்டோர் ஆகிய அனைவரின் வாய்மொழிகளையும் அவர்கள் வாழும் காலத்திலேயே திரட்டி, எழுத்துச் சான்றுகளோடு ஒப்புநோக்கி மதிப்பிடல் வேண்டும். இரவுதோறும் அழிந்த அந்த மூன்றெழுத்துக்களுக்கு உரியவர்கள் யார் என்பதை அறிய இதைவிட வேறு வழி நமக்கில்லை.