இடக்கரடக்கலும் பிரசவ அறையும்

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டு கோயில்கள்தான். மூன்றாவதன் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் இருவர் பெயரிலும் எழுப்பியவை இவை. காலம் 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பாரும் உண்டு, 10ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. நடுக்கோயில் சுவரில் உள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு அக்குடியின் தலைமுறைகளை வரிசையாகச் சொல்கிறது. யார் எந்தப் போரில் வென்றான், யாருக்கு யார் மகன் என்று போகிற அந்த வரிசையில் சில பெண்களும் வருகிறார்கள். சோழர் குலத்து அனுபமை பூதியைப் பெற்றாள். கற்றளி, பராந்தகன், ஆதித்தவர்மன் என இருவரைப் பெற்றாள். பெற்றதனால் பெயர் கல்லில் ஏறியது. பெற்ற பொழுதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை எதிர்பார்த்து யாரும் கோயில் சுவரைப் படிப்பதும் இல்லை.

முதுகலை மாணவியரை அங்கே அழைத்துப் போயிருந்தபோது, ஏழு மாதக் கர்ப்பிணியான ஒருத்தி கூட்டத்திலிருந்து ஒதுங்கி வந்து என்னிடம் மெல்லிய குரலில் கேட்டாள். “அம்மா, பிரசவத்தப்ப மோஷன் வந்துடுமாமே, எல்லாரும் பார்க்க? எனக்கு வலியவிட அதுதாம்மா பயமா இருக்கு.” இந்தக் கேள்வியைத் தன் தாயிடமும் மாமியாரிடமும் அவளால் கேட்க முடியவில்லை. மாதாமாதம் பார்க்கும் டாக்டரிடமும் முடியவில்லை. அவளுக்கு அன்று சுருக்கமாக ஒரு பதில் சொன்னேன். நீளமான பதில் இந்தக் கட்டுரை.

முதலில் உடலைப் பற்றிய பதில். ஆம், வரலாம். பிள்ளை இறங்கும் வழிக்கு நேர் பின்னால் மலக்குடல் இருக்கிறது. தலை கீழிறங்கும்போது அந்தக் குடலை அழுத்துகிறது. அப்போது எழுகிற முக்கல் உணர்ச்சியும், மலம் கழிக்க எழும் உணர்ச்சியும் ஒன்று போலவே இருக்கும். முக்குவதற்குப் பயன்படும் தசைகளும் பெரும்பாலும் அவையேதான். ஆகவே குடலின் கடைப்பகுதியில் கொஞ்சம் இருந்தால் அது வெளியே வரும். பக்கத்தில் நிற்கும் நர்ஸ் ஒரு துணியால் துடைத்துப் போட்டுவிடுவார். பல வேளைகளில் பெண்ணுக்கே தெரியாது. சிறுநீரும் காற்றும் வாந்தியும் அப்படித்தான். நன்றாக முக்குகிறாள், தலை இறங்கிவிட்டது என்பதற்கு இவையும் அடையாளம்.

பதில் இவ்வளவு எளிது. கேள்விதான் வாயிலிருந்து வர மறுக்கிறது. தமிழ் படித்தவளுக்கு அதற்கான காரணத்தைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. அவையில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. நன்னூல் இதையே இடக்கரடக்கல் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் சேர்க்கிறது. ‘கால் கழுவி வந்தான்’ என்ற உதாரணத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். எங்கள் பக்கத்து ஊர்களில் ‘கொல்லைக்குப் போறது’ என்பார்கள். ‘வெளிக்குப் போறது’ என்பவர்களும் உண்டு. கொல்லையும் இல்லாமல் வெளியும் இல்லாமல் போன பிறகு ‘பாத்ரூம்’ வந்தது. எல்லாமே இடத்தின் பெயர்கள். செயலுக்குப் பெயர் இல்லை.

தொல்காப்பியம் அடுத்தபடியாக ஒரு விலக்கும் தருகிறது. வழக்கில் ஊறிப்போன சொல்லை மறைக்க வேண்டியதில்லை என்கிறது. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் மாட்டுச் சாணமும் ஆட்டுப் பிழுக்கையும் வருகின்றன. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கிடைத்த இந்தச் சலுகை பிள்ளை பெறும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அவையில் மறைப்பது நாகரிகம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பிரசவ அறை அவை அல்லவே.

அந்த அறைக்குள் ஒரு காலத்தில் இந்தச் சொற்கள் வேறு வேலை பார்த்தன. கொடும்பாளூருக்கு அருகே ஒரு சிற்றூரில் எண்பதைத் தாண்டிய ஓர் அப்பத்தாவிடம், அவர் கண்ட பிரசவங்களைப் பற்றிக் கேட்டேன். “புள்ள பெறுறவ ‘கொல்லைக்கு வருது’ன்னு சொன்னாத்தான் தாயி, மருத்துவச்சி எந்திரிச்சு முந்தானையச் சொருகுவா. அதச் சொல்லாட்டி அவளுக்கு எப்புடித் தெரியும்?” என்றார். நேரம் நெருங்கிவிட்டது என்பதற்கு அதுதான் தாக்கல். “வெக்கமா இருக்காதா அப்பத்தா?” என்றேன். “சாம்பலப் பரப்பியிருப்போம். அள்ளிப் போட்டுட்டா முடிஞ்சுச்சு. இதுல என்ன வெக்கம்?” குந்த வைத்து, பின்னாலிருந்து ஒருத்தி அணைத்துத் தாங்க, முன்னால் மருத்துவச்சி கையேந்த நடந்த பிரசவங்கள் அவை. பெற்றுக்கொண்டிருந்தவளைத் தவிர அறையில் இருந்த அனைவரும் முன்பே பெற்றவர்கள்.

இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் இருக்கிறார். செவ்வந்திப் புராணம் சொல்லும் கதை நமக்குத் தெரிந்ததுதான். இரத்தினாவதிக்கு வலி எடுத்துவிட்டது, காவிரியில் வெள்ளம், அக்கரையிலிருந்து தாய் வர முடியவில்லை. சிவன் அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார், வெள்ளம் வடியும்வரை உடனிருந்தார். சுகப்பிரசவம் வேண்டி இன்றும் பெண்கள் அங்கே வாழைத்தார் வைத்துக் கும்பிடுகிறார்கள். கடவுளாகவே வந்திருக்கலாம், வைத்தியராக வந்திருக்கலாம், இரண்டும் செய்யாமல் அம்மாவாக வந்தார் என்பதுதான் இந்தக் கதையில் என்னை நிறுத்துகிற இடம். யார் முன்னால் ஒரு பெண்ணின் உடல் கூசாமல் திறக்கும் என்பதைக் கதை கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள். இரத்தத்தையும் பீயையும் மூத்திரத்தையும் துடைக்கும் கை அம்மாவின் கையாக இருந்தால் அங்கே வெட்கத்துக்கு வேலை இல்லை.

இதை வைத்து அந்தக் காலமே நல்ல காலம் என்று எழுதிவிடலாம். அப்படி எழுதினால் மருத்துவச்சிக்குத் துரோகம் செய்தவள் ஆவேன். சாம்பலை அள்ளிப் போட்டது யார்? நாவிதர் குடிப் பெண்கள் பல ஊர்களில் மருத்துவச்சிகளாக இருந்தார்கள். சில ஊர்களில் தலித் பெண்கள். கொப்பூழ்க்கொடி அறுத்தவளும், நஞ்சுக்கொடியைப் புதைத்தவளும், தீட்டுத்துணியைத் துவைத்தவளும் அவர்களே. பிள்ளைத்தாச்சியின் அழுக்கு சாதியின் வழியாக அவர்கள் மேல் ஏற்றப்பட்டது. உயிரைக் காப்பாற்றிய கைக்கு ஒரு படி நெல்லும் பழம்புடவையும் கொடுத்துக் கொல்லை வழியாக அனுப்பினார்கள். மேல்சாதிப் பெண் வெட்கப்படாமல் பிள்ளை பெற்றதற்கு ஒரு காரணம், அவளுடைய வெட்கத்தைச் சுமக்க வேறொருத்தி இருந்தாள் என்பது. கூடவே, அந்த அறைகளில் தாய்மாரும் பிள்ளைகளும் நிறையச் செத்தார்கள். அப்பத்தாவே தன் இரண்டு பிள்ளைகளை அப்படிக் கொடுத்தவர்தான்.

ஆஸ்பத்திரி வந்தபோது வெட்கம் வேறு உருவில் வரலாற்றுக்குள் வந்தது. சென்னையில் 1844இல் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கியது. அதுதான் பின்னர் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை ஆயிற்று. ஆண் டாக்டர் முன்னால் கிடப்பதைவிடச் சாவது மேல் என்று நினைத்த குடும்பங்கள் ஏராளம். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். அவர் அப்போது மருத்துவம் படித்திராத இளம்பெண். டாக்டரான தன் தந்தையை அனுப்புவதாக அவர் சொன்னார், அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் அவரை 1899இல் டாக்டராக்கியது, 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்க வைத்தது. அதற்கு முன்பே, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மேரி ஷார்லிப், 1885இல் கோஷாப் பெண்களுக்கென்றே சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை.

இந்த வரிசையில் எங்கள் ஜில்லாவுக்கும் ஒரு பெயர் உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கே எதிர்ப்பு எழுந்து, மன்னர் தலையிட்டு இடம் வாங்கித் தர வேண்டியிருந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்று, எழும்பூர் மருத்துவமனையில் பணியைத் தொடங்கினார். ஆண் பார்க்கக்கூடாது என்ற வெட்கம்தான் இந்தப் பெண்களுக்கெல்லாம் மருத்துவத்தின் கதவைத் திறந்துவிட்டது. விந்தையான நன்மை அது.

ஆனால் ஆண் வெளியே போனதும் வெட்கமும் வெளியே போய்விடும் என்ற கணக்கு பொய்த்தது. அறையில் இருப்பவர்கள் எல்லாம் பெண்கள், ஆனால் ஒருத்தி படுத்திருக்கிறாள், மற்றவர்கள் நிற்கிறார்கள். அம்மா வாசலுக்கு வெளியே இருக்கிறாள். மல்லாந்து படுக்க வைத்துக் கால்களை விரித்துக் கட்டிலின் கம்பிகளில் ஏற்றியிருக்கிறது. அங்கே வருகிற மலம் தாக்கல் இல்லை, குற்றம். அந்தக் குற்றம் நடக்காமலிருக்கத்தான் பிரசவத்துக்கு முன்னால் எனிமாவும் மயிர் மழித்தலும் கட்டாயச் சடங்குகளாயின. கிருமி பயத்தில் பிறந்த வழக்கங்கள் இவை. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ், டாக்டர்கள் கை கழுவாததால்தான் பிரசவ ஜன்னியில் தாய்மார் சாகிறார்கள் என்று காட்டினார். கழுவ வேண்டியது டாக்டரின் கை. பிற்காலத்து ஆஸ்பத்திரி தன் கையைக் கழுவியதோடு நிற்காமல் தாயின் குடலையும் கழுவத் தொடங்கியது.

என் மூத்த மகள் பிறந்தபோது நான் இருந்த ஆஸ்பத்திரியில், சோப்புத் தண்ணீர் எனிமா கொடுத்து, வார்டின் கோடியிலிருந்த ஒரே கழிப்பறைக்கு என்னை நடக்கச் சொன்னார்கள். இடுப்பு வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். திரும்பி வந்த பிறகும் முக்கும்போது வரத்தான் செய்தது, முன்னைவிட நீர்த்து. “படிச்ச பொம்பள தானே நீ” என்றார் ஆயா. அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான் முக்கவில்லை, அடக்கினேன். வலியில் அல்ல, அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து. அந்த ஆயாவை இப்போது நினைக்கும்போது கோபம் வருவதில்லை. கையுறைகூடச் சரியாகக் கிடைக்காமல், குறைந்த கூலிக்கு, நாள் முழுக்க அடுத்தவர் கழிவை அள்ளியவர் அவர். மருத்துவச்சியின் மேல் சாதி ஏற்றிய சுமை அவர் தோளுக்கு வந்திருந்தது. அவர் அதை என் மேல் இறக்கினார்.

அந்த எனிமாவால் பயன் உண்டா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 1,917 பெண்களை உள்ளடக்கிய நான்கு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தாய்க்கோ பிள்ளைக்கோ தொற்று குறைந்ததாகக் காணவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1996லேயே வழக்கமான எனிமாவையும் மழித்தலையும் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் வைத்தது. 2018 பரிந்துரைகளிலும் அவை வேண்டாம் என்றது. இந்திய அரசு 2017இல் தொடங்கிய லக்‌ஷ்யா திட்டம், பிரசவ அறையில் மறைப்புத் திரையும், பெண் விரும்பும் ஒரு துணையும், வசவு இல்லாத பேச்சும் வேண்டும் என்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது பெரிய சாதனை. உயிரைக் காப்பாற்றுகிற அறை நமக்கு வாய்த்துவிட்டது. மானத்தையும் காப்பாற்றச் சொல்லிக் கேட்பது அதிகமாகக் கேட்பது அல்ல. துடைக்கிறவருக்குக் கையுறையும் நல்ல சம்பளமும் கேட்பதும் அதே கோரிக்கையின் பாதிதான். அந்தப் பாதி இல்லையென்றால் நாம் மறுபடியும் மருத்துவச்சியைக் கொல்லை வழியாக அனுப்புகிறோம்.

வெட்கத்துக்கு விலை உண்டு என்பதை மாணவியரிடம் வெளிப்படையாகவே சொல்கிறேன். வந்துவிடுமோ என்று சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் வலிக்குப் போகிறவள் பாதியிலேயே சோர்ந்துவிடுவாள். சிறுநீரை அடக்கினால் நிறைந்த பை பிள்ளையின் தலைக்கு வழி மறிக்கும். முக்கல் வரும்போது அடக்கினால் நேரம் நீளும். எல்லாவற்றிலும் ஆபத்தானது, ‘பாத்ரூம்’ என்று முனகிவிட்டுத் தனியாக எழுந்து போவது. அந்த உணர்ச்சி பல நேரங்களில் மலம் அல்ல, பிள்ளை. கழிப்பறையில் பிள்ளை பெற்ற பெண்களின் செய்திகளை நாம் ஆச்சரியச் செய்திகளாகப் படிக்கிறோம். அவற்றில் சில, ஒரு சொல்லை உரக்கச் சொல்லக் கூசியதால் நடந்தவையாகவும் இருக்கலாம்.

அன்று மூவர் கோயில் புல்தரையில் அந்த மாணவியிடம் இதைத்தான் சொன்னேன். வந்தால் வரட்டும், துடைப்பார்கள். உன் ஊரில் அதற்கு என்ன சொல் உண்டோ அதையே சத்தமாகச் சொல். யாராவது முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும், நீ முக்கு. உள்ளே துணைக்கு யாரை வைத்துக்கொள்வது என்று இப்போதே முடிவு செய், அதை ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கேட்டுவை. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “எங்க சின்னம்மாவக் கூப்பிட்டுக்கலாமா அம்மா? அவங்க எதுக்கும் மூஞ்சி சுளிக்க மாட்டாங்க” என்றாள்.