ஆள் இல்லாத எதிராளி

சதுரங்கத்தில் எதிரே ஆள் வராவிட்டால் நாமே இரண்டு பக்கமும் ஆடிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. குதிரையை எதற்காக நகர்த்தினோம் என்பது எதிர்ப்பக்கத்துக்கும் அப்போதே தெரிந்துவிடும். எழுபதுகளின் அமெரிக்காவில் மேஜைமேல் ஆடும் போர் விளையாட்டுகளை வாங்கிய பலருக்கு இதே பிரச்சனைதான். ஊரில் இன்னொரு கிறுக்கன் கிடைக்க வேண்டும், அவனுக்கு முழு சனிக்கிழமையும் ஓய்வாக இருக்க வேண்டும், பக்கம் பக்கமாக நீளும் விதிகளைப் படிக்க அவன் சம்மதிக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக அமைவது கல்யாணத்துக்கு ஜாதகம் பொருந்துவதைவிடக் கஷ்டம். அப்படி அமையாதவர்களுக்கு விளையாட்டு வடிவமைப்பாளர்கள் கொடுத்த பதில்களில் ஒன்று மான்ஸ்டர்.

பூதம் என்று எழுதினால் விளக்கைத் தேய்க்கத் தோன்றுகிறது, அரக்கன் என்றால் பத்துத் தலை முளைக்கிறது. அதனால் மான்ஸ்டர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

1979-இல் டாஸ்க் ஃபோர்ஸ் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஓர் ஆட்டத்தை விற்றது. பெயர் ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ். வடிவமைத்தவர் ஸ்டீபன் வி. கோல், டெக்சாஸின் அமரில்லோ ஊர்க்காரர். அறுகோணக் கட்டங்கள் போட்ட ஒரு வரைபடம், அட்டைச் சில்லுகளாகக் கப்பல்கள், பகடை. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் கப்பலின் இன்ஜின்கள் தரும் சக்தியை ஒரு தாளில் பிரித்து எழுத வேண்டும்: இவ்வளவு வேகத்துக்கு, இவ்வளவு ஆயுதங்களுக்கு, இவ்வளவு கேடயத்துக்கு. மாசச் சம்பளத்தை வாடகை, இ.எம்.ஐ., மளிகை என்று பிரிப்பதுபோலத்தான். எதுக்குக் கூட்டினாலும் வேற எதுலயோ கை வைக்கணும். எழுதி முடித்த பின் அந்தச் சுற்று 32 சின்னத் துண்டுகளாக நகரும். கேடயங்கள் 6, அறுகோணத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. எதிராளியின் பலவீனமான பக்கத்தைப் பார்த்துக் கப்பலைத் திருப்புவதில்தான் ஆட்டத்தின் உயிர்.

மனித எதிராளி இருக்கும்போது இது அருமையாக வேலை செய்யும். அவன் எவ்வளவு சக்தியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் சுவாரசியம். ஆளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது?

மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்கும் எனக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரித் தெரிகிறது. மேஜைமேல் ஆடும் மான்ஸ்டர் என்பது காகிதத்தில் எழுதிய ஒரு புரோகிராம். அதை ஓட்டும் பிராசசர், பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர். அவருக்குப் பசிக்கும், தூக்கம் வரும், விதியைத் தப்பாகப் படிப்பார். கணினியில் பத்தாயிரம் நிபந்தனைகளை எழுதினாலும் செலவு அதிகமில்லை. காகிதத்தில் ஐந்தாவது நிபந்தனையிலேயே ஆள் புத்தகத்தை மூடிவிடுவார். ஆகவே மான்ஸ்டர் முட்டாளாகத்தான் இருந்தாக வேண்டும். நல்ல வடிவமைப்பாளர், முட்டாளாக இருப்பது இயல்பாகத் தோன்றும் ஒரு பிராணியைத் தேர்ந்தெடுப்பார். கோலுக்கு அப்படிப்பட்ட பிராணிகள் தயாராகவே கிடைத்தன, தொலைக்காட்சியில்.

ஸ்டார் ட்ரெக் முதல் தொடரின் இரண்டாம் பருவத்தில் இரண்டு அத்தியாயங்கள். ஒன்று, 1967 அக்டோபரில் ஒளிபரப்பான ‘தி டூம்ஸ்டே மெஷின்’. எழுதியவர் நார்மன் ஸ்பின்ராட், மூலக் கரு மோபி டிக். கோள்களைத் துண்டு துண்டாக வெட்டித் தின்றுகொண்டே வரும் ஒரு பிரம்மாண்ட இயந்திரம். யாரோ என்றோ செய்து அனுப்பியது. செய்தவர்கள் இருக்கிறார்களா என்பதே தெரியாது. தன் கப்பலின் ஆட்களையெல்லாம் அதற்குப் பறிகொடுத்த டெக்கர் என்ற அதிகாரி, ஆஹாப் திமிங்கிலத்தைத் துரத்தியதுபோல் அதைத் துரத்துகிறார். அந்தத் துரத்தலைப் பற்றி இயந்திரத்துக்கு ஒன்றுமே தெரியாது. எனக்கு அந்த அத்தியாயத்தில் பயமூட்டும் விஷயமே அதுதான். இந்தப் பக்கம் இவ்வளவு வெறுப்பு, அந்தப் பக்கம் பசிகூட இல்லை, வெறும் நிரல்.

இன்னொன்று, 1968 ஜனவரியில் வந்த ‘தி இம்யூனிட்டி சின்ட்ரோம்’. பதினோராயிரம் மைல் நீளமுள்ள ஓர் அமீபா. ஒற்றைச் செல். பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தில் நாம் பாகம் குறித்த அதே அமீபாதான். ஆனால் 400 வல்கன்கள் இருந்த ஒரு கப்பலை விழுங்கிவிட்டு வந்திருக்கிறது.

இந்த இரண்டுமே ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸுக்குள் வந்தன. அமீபா அமீபாவாகவே வந்தது. இயந்திரம் பிளானட் க்ரஷர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கூடவே விண்வெளி விலாங்கு, டிராகன் என்று கோலும் அவருடைய சகாக்களும் ஒரு மிருகக்காட்சி சாலையே கட்டினார்கள். ஆனால் கிர்க் வரவில்லை, ஸ்பாக் வரவில்லை. இந்த ஆட்டத்தின் உரிமை தொலைக்காட்சி நிறுவனத்திடமிருந்து நேராக வரவில்லை. ஃப்ரான்ஸ் ஜோசப் என்பவர் 1975-இல் வெளியிட்ட ஸ்டார் ஃப்ளீட் டெக்னிக்கல் மேனுவல் என்ற தொழில்நுட்பக் கையேட்டின் வழியாக வந்தது. அதில் கப்பல்களும் கருவிகளும் உண்டு, கதாநாயகர்கள் இல்லை.

ஆட்டத்தை இதுதான் காப்பாற்றியது என்பது என் கட்சி. தொலைக்காட்சியில் மான்ஸ்டரை வெல்வது ஒரு மனிதன். டெக்கர் சிறு ஷட்டிலில் ஏறி அதன் வாய்க்குள் போய்ச் சாகிறார். அந்தச் சின்ன வெடிப்பில் உள்ளே ஏதோ குறைந்ததைக் கவனித்து, கிர்க் ஒரு முழுக் கப்பலையே உள்ளே தள்ளி வெடிக்கவைக்கிறார். விளையாட்டில் ஆளே இல்லை. சாகசத்தை யார் தலையில் கட்டுவது? கோல் அதைக் கப்பலின் ஒரு மூலையில் சும்மா கிடந்த பெட்டிகளின் தலையில் கட்டினார்: ஆய்வகங்கள்.

ஃபெடரேஷனின் கனரக க்ரூசரில் 8 ஆய்வகங்கள் உண்டு. கிளிங்கான் கப்பல்களில் அதைவிடக் குறைவு. கப்பலுக்கும் கப்பலுக்கும் சண்டை நடக்கும்போது இவற்றால் பெரிய உபயோகம் இல்லை. துரத்திவரும் ஏவுகணை எந்த வகை என்று கண்டுபிடிக்கலாம். மற்றபடி அடி விழும்போது முக்கியமான உறுப்புக்குப் பதிலாக ஓர் ஆய்வகம் போனால் “நல்லவேளை” என்று பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். சண்டைக் கப்பலில் விஞ்ஞானிகள் மணல்மூட்டை மாதிரி.

மான்ஸ்டர் வந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. பல மான்ஸ்டர் ஆட்டங்களில் துப்பாக்கியால் மட்டும் காரியம் ஆகாது. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, எங்கே அடித்தால் விழும் என்று ஆய்வகங்கள் தகவல் சேகரிக்க வேண்டும். அதற்குப் பகடை உருட்டல், புள்ளிக் கணக்கு எல்லாம் உண்டு. மிக முக்கியமான ஒரு நிபந்தனையும் உண்டு: கிட்டப் போனால்தான் அதிகத் தகவல். தூரத்தில் நின்று பார்த்தால் சொற்பமே கிடைக்கும். கிட்டப் போனால் மான்ஸ்டர் அடிக்கும். அடி விழுந்தால் ஆய்வகங்கள் போகும். ஆய்வகம் போனால் தகவல் வரும் வேகம் குறையும். அதற்குள் அது கோளை நெருங்கிவிடும்.

இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மான்ஸ்டருக்கு ஒரு புத்தியும் கொடுக்கவில்லை. நேரே வருகிறது, எதிரே இருப்பதை அடிக்கிறது. யோசனை முழுவதும் நம் பக்கத்தில் நடக்கிறது. எவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்? இன்னும் ஒரு சுற்று கிட்டவே நிற்கலாமா? மனித எதிராளி தன் தாளில் மறைத்து வைத்திருந்த ரகசியத்தின் இடத்தை இப்போது மான்ஸ்டரின் உடம்பே எடுத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்து, போர் விளையாட்டுகளில் மணல்மூட்டையை ஆயுதமாக மாற்றிய இடங்களில் இதைவிட அழகானது இல்லை.

ஆனால் காகிதத்துக்கு ஒரு நோய் உண்டு. அமீபா எப்படிச் சாகும் என்பதும் அதே விதிப்புத்தகத்தில்தான் அச்சாகியிருக்கிறது. முதல் முறை ஆடும்போது அது கண்டுபிடிப்பு, மூன்றாம் முறை ஆடும்போது ரேஷன் கார்டு புதுப்பிப்பதுபோல ஒரு நடைமுறை. தகவல் புள்ளிகளைச் சேர்க்கிறோம், ஆனால் தகவல் எதுவும் நமக்குப் புதிதாக வரவில்லை. கப்பல் கற்றுக்கொள்வதாக நடிக்கிறது, மாலுமி எல்லாம் தெரிந்துகொண்டு கொட்டாவி விடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1979-இல் இதற்கு மருந்தும் வந்துவிட்டது. வந்த இடம் ஒரு பத்திரிகையின் நடுப்பக்கம். தி டிராகன் இதழின் 28-ஆம் எண்ணோடு டாம் வாம் வரைந்து வடிவமைத்த ஓர் ஆட்டம் இணைப்பாகக் கிடைத்தது: ‘தி ஆஃபுல் கிரீன் திங்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’. ஸ்நூட்டார் என்ற கப்பலுக்குள் பச்சை ஜந்துக்கள் பெருகிக்கொண்டே போகின்றன. மாலுமிகள் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடிக்கிறார்கள். தீயணைப்புக் கருவி, பில்லியர்ட்ஸ் கோல், சாப்பாட்டு டப்பா. எது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. ஓர் ஆயுதத்தை முதல் தடவை பிரயோகிக்கும்போது ஒரு சில்லைக் குலுக்கி எடுக்க வேண்டும். கொல்லலாம், சுருக்கலாம், ஒன்றுமே ஆகாமல் போகலாம். ஜந்து வளர்ந்தும்விடலாம். எது வந்ததோ, அந்த ஆட்டம் முடியும்வரை அந்த ஆயுதத்தின் குணம் அதுவே. அடுத்த ஆட்டத்தில் எல்லாம் மறுபடி குலுக்கல்.

கோலின் ஆய்வகங்கள் பக்கம் பக்கமாகச் செய்ய முயன்றதை வாம் ஒரு கைப்பிடி அட்டைத் துண்டில் செய்துவிட்டார். கிண்டலும் கேலிச்சித்திரமுமான ஆட்டம் என்பதால் இதைக் கனமான போர் விளையாட்டுக்காரர்கள் சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆராய்ச்சி என்றால் உண்மையில் இப்படித்தானே இருக்கும்? பரிசோதனை செய்வதற்கே ஒரு விலை உண்டு, சில சமயம் பரிசோதனையே வியாதியைப் பெருக்கிவிடும். புரொடக்‌ஷன் சர்வரில் இரவு இரண்டு மணிக்கு “இதை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமா?” என்று கேட்டவர்களுக்கு அந்தச் சில்லைக் குலுக்கும்போது வயிற்றில் என்ன நடக்கும் என்று தெரியும்.

மான்ஸ்டருக்கு எப்படி அடி விழ வேண்டும் என்பது தனிக் கேள்வி. அதற்கு நல்ல பதில் விண்வெளியில் இல்லை, தரையில் இருந்தது. 1977-இல் ஸ்டீவ் ஜாக்சன் வடிவமைத்த ஓகர், மெட்டாகேமிங்கின் முதல் மைக்ரோகேம். ஒரு பக்கம் டாங்குகளும் காலாட்படையுமாக ஒரு பட்டாளம், இன்னொரு பக்கம் ஒரே ஒரு ரோபோ டாங்க். மார்க் 3 வகை ஓகருக்கு 45 சக்கரப் பட்டைப் புள்ளிகள். 15 போனால் அதன் வேகத்தில் ஒன்று குறையும். துப்பாக்கிகளை உடைப்பதா, பட்டைகளை உடைப்பதா? துப்பாக்கி இல்லாத ஓகர் நம் தலைமையகத்தை ஏறி மிதித்துவிடும், ஓட முடியாத ஓகர் நின்ற இடத்தில் சுடும். அது ஒவ்வோர் உறுப்பாக இழக்கும்போது நடத்தையும் மாறிக்கொண்டே வரும். விண்மான்ஸ்டர்களில் பல, நூற்றுக்கணக்கில் புள்ளிகளை வைத்துக்கொண்டு கடைசிப் புள்ளிவரை அதே வேகத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். அது சண்டை இல்லை, விறகு வெட்டுவது.

பிற்கால ஆட்டங்களில் இந்த இரண்டு ஓடைகளும் வெவ்வேறு இடங்களில் மேலே வருகின்றன. 2008-இல் வ்லாடா க்வாட்டில் செய்த ஸ்பேஸ் அலர்ட்டில், கப்பலை நோக்கி வரும் ஆபத்துக்கு வரைபடமே கிடையாது, ஒரு பாதை மட்டும்தான். பாதையில் எக்ஸ், ஒய், இசட் என்று குறிகள். குறியைத் தாண்டினால் அதன் அட்டையில் எழுதியிருப்பது நடக்கும். அறிவைக் கழற்றிவிட்டு நேரத்தை மட்டும் மிச்சம் வைத்த மான்ஸ்டர் இது. விண்வெளியோடு சம்பந்தமில்லாத கிங்டம் டெத்தில் இன்னொரு அபாரமான யோசனை: மான்ஸ்டரின் நடத்தை ஒரு சீட்டுக்கட்டு, அதற்குப் படும் ஒவ்வொரு காயத்துக்கும் அந்தக் கட்டிலிருந்து ஒரு சீட்டு போய்விடும். அதன் உயிரும் புத்தியும் ஒன்றே. ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸோ கப்பல் வகைகளைக் கூட்டிக்கொண்டே போய், சட்டப் புத்தகம்போல் எண்ணிட்ட விதிகளோடு தடித்துவிட்டது. அந்த எடையை நேசிப்பவர்கள் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மான்ஸ்டர்கள் மட்டும் அதில் ஓர் ஓரத்துக்குப் போய்விட்டன. புதிதாகக் கற்பவர்கள் பழகிக்கொள்ள ஒரு மென்மையான எதிரி, தனியாக ஆடுபவருக்கு ஒரு துணை, அவ்வளவுதான்.

எனக்கு இது உறுத்தியது. நண்பர்கள் மூன்று பேர் மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறோம். போன வருடம் கிராஃப் தாளில் ஒரு மான்ஸ்டரை எழுதினேன். விதி ஒன்றே ஒன்று: அந்தச் சுற்றில் அதிகச் சக்தியைச் செலவழித்த கப்பலை நோக்கி அது போகும். கண் இல்லை, காது இல்லை, வெப்பத்தை மட்டும் மோப்பம் பிடிக்கும். சக்தித் தாள்களை எல்லோரும் மறைத்து எழுதி ஒரே சமயத்தில் திறக்க வேண்டும். பலவீனமான இடம் எது என்பதை வாமிடமிருந்து திருடிய சில்லுகள் முடிவு செய்யும். சில்லை எடுக்க ஆய்வகத்துக்குச் சக்தி கொடுக்க வேண்டும். கொடுத்தால் அது உங்கள் பக்கம் திரும்பும்.

மூன்று பேரும் ஒரே அணி, ஒரு கோளைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் ஆரம்பித்தோம். இரண்டாம் சுற்றில் ஒருத்தன் ஆய்வகத்தை ஓட்டினான், அது அவனைப் பிடித்து ஒரு கேடயத்தைக் கிழித்தது. மூன்றாம் சுற்றில் தாள்களைத் திறந்தால், இன்னொருத்தன் இன்ஜினையே அணைத்துவிட்டு இருட்டில் கிடக்கிறான். “நான் ரிசர்வ்ல இருக்கேன்டா” என்றான், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அதற்குப் பிறகு யாரும் யாருடைய தாளையும் நம்பவில்லை. மான்ஸ்டர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, நாங்கள்தான் கத்திக்கொண்டிருந்தோம்.

ஆறாம் சுற்றில் மூன்று பேருமே பூஜ்யம் என்று எழுதியிருந்தோம். யாரும் சக்தி செலவழிக்காவிட்டால் அது என்ன செய்யும் என்பதற்கு விதி இல்லை. அங்கேயே உட்கார்ந்து பேசி ஒன்றை எழுதினோம்: இருக்கும் கட்டத்திலேயே நிற்கும். கோள் நான்கு கட்டம் தள்ளி இருந்தது. மறுபடி தாளை மறைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தோம்.