கணையாழியும் திறவுகோலும்

நேரில் கண்டறியாத ஒருவரை நம்புவது எவ்வாறு என்னும் வினா, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்குப் புதியதன்று. அலுவல் தேடித் தெற்கிலிருந்து தில்லிக்கு இரயிலேறிய முன்னோர் பலர், சட்டைப்பையில் ஓர் அறிமுகக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தனர். கரோல் பாக்கிலோ லோதி காலனியிலோ கதவைத் திறந்தவர், வந்தவரை அறியார். ஆனால் கடிதம் எழுதியவரை அறிவார். அறிந்தவர் சொல்லை வைத்து அறியாதவரை ஏற்றனர். இன்று நம் கைப்பேசியும் வங்கியின் கணிப்பொறியும் ஒன்றையொன்று நம்புவதும் இம்முறையாலேயே ஆகும். இந்நம்பிக்கை வளர்ந்த வரலாற்றையும், அதில் நம் தலைநகருக்குள்ள பங்கையும் ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

1965-ஆம் ஆண்டில் இத்தில்லியில் தோன்றிய தமிழ் இலக்கிய இதழுக்குக் ‘கணையாழி’ என்று பெயரிட்டனர். அச்சொல்லைக் கேட்டதும் அசோகவனம் நம் நினைவுக்கு வரும். துறவியின் வேடத்தில் வந்த இராவணனால் ஏமாற்றப்பட்டவள் சீதை. உருவத்தைக் கண்டு மட்டும் இனி அவள் நம்பாள். ஆகவே அனுமன் இராமனுடைய கணையாழியைக் காட்டுகிறான். அவள் தெளிந்து, தன் சூடாமணியைக் கொடுத்தனுப்புகிறாள். தூதனை அவள் அறிய ஓர் அடையாளம். தூதன் அவளை உண்மையிலேயே கண்டான் என்று இராமன் அறிய மற்றோர் அடையாளம். நம்பிக்கை இருவழிப்பட்டது என்னும் உண்மை இதிலே அடங்கியிருக்கிறது.

நம் மன்னர்களும் இதை நன்குணர்ந்திருந்தனர். சோழர் செப்பேடுகளில் ஏடுகளனைத்தையும் ஒரு வளையத்திலே கோத்து, வளையத்தின் முனைகள் கூடுமிடத்தில் அரச முத்திரையைப் பதித்தனர். முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகளைக் கொண்டது. இடையில் ஓர் ஏட்டைப் புதிதாகச் செருக வேண்டுமாயின் வளையத்தை வெட்ட வேண்டும். வெட்டினால் பொய் வெளிப்படும். கோயிற் சுவரிலோ, கொடையும் உடன்படிக்கையும் ஊரார் அனைவரும் காணக் கல்லில் வெட்டப்பெற்றன. ஒன்று முத்திரையின் காவல். மற்றொன்று பலர் கண்ணின் காவல். இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு கணிப்பொறியின் காலத்துக்கு வருவோம்.

ஒரே பெரிய கணிப்பொறியைப் பலர் பயன்படுத்திய 1960-களில் சிக்கல் எளிதாயிருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல்; அதைச் சரிபார்க்க ஓர் இயந்திரம். பின்னர் இயந்திரங்கள் பலவாகி, கம்பிவழி இணைந்தபோது நிலைமை மாறியது. கம்பியிற் செல்லும் கடவுச்சொல்லை இடைவழியில் ஒற்றர் கேட்கலாம். எதிரேயிருப்பது வங்கியின் இயந்திரமா, வங்கியின் வேடமிட்ட இயந்திரமா என்பதும் தெரியாது. 1978-இல் நீதாம், ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் இதற்கு வழி கூறினர். ஒருவரையொருவர் அறியாத இருவர்க்கு, இருவரும் நம்பும் மூன்றாமவர் ஒருவர் உறுதியளிக்க வேண்டும் என்பதே அவ்வழி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1980-களில் இதனைச் செயலாக்கிக் ‘கெர்பரோஸ்’ என்று பெயரிட்டது. கடவுச்சொல் கம்பியிற் செல்லாது. குறித்த காலத்துக்கு மட்டும் செல்லும் சீட்டு ஒன்றே செல்லும். இரயில் பயணச்சீட்டைப்போல அதற்கும் காலவரையறை உண்டு.

இதற்குச் சற்று முன்னர், 1976-இல், டிஃபி, ஹெல்மன் இருவரும் வேறொரு புதுமையை வெளியிட்டிருந்தனர். அடுத்த ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் அதற்குக் கணித வடிவம் தந்தனர். அதன்படி ஒருவருக்கு இணையான இரு திறவுகோல்கள். ஒன்றை மறைவாகத் தாமே வைத்துக்கொள்வார். மற்றொன்றை உலகறியத் தருவார். மறைவான திறவுகோலால் இட்ட கையொப்பத்தை, வெளிப்படையான திறவுகோலைக்கொண்டு எவரும் சரிபார்க்கலாம். எவரும் போலியாக இட முடியாது. ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. இத்திறவுகோல் இன்னாருடையதே என்று சொல்பவர் யார்? 1978-இல் கோன்ஃபெல்டர் என்னும் மாணவர் தம் பட்ட ஆய்வேட்டில் விடை தந்தார்: நம்பிக்கைக்குரிய ஒருவர் அதனை எழுதிக் கையொப்பமிட்டுச் சான்றிதழாக வழங்கட்டும் என்றார். கணிதம் எவ்வளவு உயர்ந்தும், முடிவில் ஒரு மனிதரின் உறுதிமொழியிலேதான் வந்து நின்றது.

இனித் தில்லிக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. எண்முறைக் கையொப்பம் கைக்கையொப்பத்துக்கு நிகராயிற்று. சான்றளிக்கும் அமைப்புகளை மேற்பார்வையிடக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் நியமிக்கப்பெற்றார். லோதி சாலையின் சி.ஜி.ஓ. வளாகத்தில் அமைந்தது அவர் அலுவலகம். நாட்டின் ‘வேர்’ எனப்படும் தலைமைத் திறவுகோல் அவர் பொறுப்பில் உள்ளது. அவ்வேரின் கையொப்பம் பெற்ற அமைப்புகளே பிறருக்குச் சான்றிதழ் வழங்கலாம். 2002-இல் முதல் உரிமம் பெற்ற நிறுவனம் சென்னையைச் சேர்ந்த சேஃப்ஸ்கிரிப்ட் என்பது நமக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தியாகும். கல்லூரிகளும் அலுவலகங்களும் நிறைந்த அச்சாலையைப் பன்முறை கடந்திருக்கிறோம். நாட்டின் கையொப்பங்களுக்கெல்லாம் மூலமான முத்திரை அங்கே இருப்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்?

அந்த முத்திரைக்கும் ஒரு சோதனை வந்தது. 2014 ஜூலை 2 அன்று, தன் இணைய முகவரிகள் சிலவற்றிற்குத் தான் கேளாமலே சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகிள் நிறுவனம் அறிந்தது. அவற்றை வழங்கியது தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவு. அதன் வழங்குமுறை பாதுகாப்பிழந்திருந்தது என்பது பின்னர்த் தெரிந்தது. கட்டுப்பாட்டாளர் மறுநாளே அப்பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களை விலக்கினார். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் அவற்றின்மீது வைத்த நம்பிக்கையைத் திரும்பப் பெற்றது. கூகிளின் உலாவியோ, இந்திய வேரினை அரசு முகவரிகள் முதலிய சிலவற்றிற்கு மட்டுமே ஏற்பதென்று வரையறுத்தது. கணிதம் பொய்க்கவில்லை; காவல் பொய்த்தது. ஆனால் இதிலே ஆறுதலும் உண்டு. பிழை மறைக்கப்படாமல் வெளிப்பட்டது. கொடுத்த நம்பிக்கையைத் திரும்பப் பெற வழியிருந்தது. இத்தகைய பிழைகளை விரைவிற் கண்டறிய, வழங்கப்படும் சான்றிதழ்களைப் பொதுப் பதிவேட்டில் எழுதும் முறை 2013-இல் வகுக்கப்பெற்றது. 2018 முதல் புதிய சான்றிதழ்களுக்கு அதனைக் கூகிள் உலாவி கட்டாயமாக்கியது. அப்பதிவேட்டை எவரும் படிக்கலாம். எழுதியதை ஓசையின்றி அழிக்க இயலாது. கோயிற் சுவரிற் கண்ட பலர் கண்ணின் காவல் மீண்டும் வந்ததென்றே சொல்லலாம்.

இவையெல்லாம் அறிஞர்க்குரிய செய்திகள் அல்ல. நம் இல்லங்களைத் தொடுபவை. மைய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றோர் நம் குடியிருப்புகளில் மிகப் பலர். உயிரோடிருக்கிறோம் என்பதை ஆண்டுதோறும் நவம்பரில் மெய்ப்பிக்கும் கடமை அவர்களுக்குண்டு. 2014 நவம்பர் 10 அன்று ‘ஜீவன் பிரமாண்’ திட்டம் தொடங்கியபின், ஆதார் எண்ணும் விரல்ரேகையும் அச்சான்றைத் தரலாயின. ஆனால் ஒருமுறை பதிந்த ரேகையின் படத்தைச் சேமித்து, மறுமுறை வேறொருவர் அனுப்பினால் என் செய்வது? ஆகவே 2017-இல் பதிவுபெற்ற கருவிகளை ஆதார் ஆணையம் வற்புறுத்தியது. கருவியே தன் திறவுகோலால் ஒவ்வொரு பதிவையும் கையொப்பமிட்டு அனுப்பும். மனிதரைச் சோதிக்கும் கருவியும் சோதனைக்குள்ளாயிற்று. மறுபுறம், முதுமையில் தேய்ந்த விரல்களைக் கருவி அறிந்துகொள்ளாத துன்பமும் இருந்தது. 2021 நவம்பரில் முகத்தைக்கொண்டு சான்றளிக்கும் முறை வந்தது. ஓர் அடையாளம் தவறினால் மற்றொன்று இருத்தல் வேண்டும். இல்லையேல் உயிரோடிருக்கும் முதியவர் ஏட்டிலே இல்லாதவராகிவிடுவார்.

2016-இல் வந்த யு.பி.ஐ. முறையும் இவ்வாறே. பதிவின்போது நம் கைப்பேசி தானே ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, இன்ன எண், இன்ன கருவி, இன்ன கணக்கு என்று மூன்றையும் பிணைத்துக்கொள்கிறது. அதன்மேல் நாம் மட்டும் அறிந்த பின் எண். இத்தனை பூட்டுகளையும் உடைப்பது கடினம் என்பதை அறிந்த வஞ்சகர், பூட்டை விட்டுவிட்டு வீட்டுக்காரரை நாடுகின்றனர். காவல்துறையினர்போல் சீருடையணிந்து கைப்பேசித் திரையில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ என்று அச்சுறுத்தி, முதியோரைக்கொண்டே பணத்தை அனுப்பச் செய்கின்றனர். அத்தகைய கைது நம் சட்டத்தில் இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எடுத்துரைத்தார். துறவி வேடம் சீருடையாக மாறியுள்ளது, வஞ்சனை பழையதே.

கருவிகள் ஒன்றையொன்று சோதிக்கின்றன. நமக்காக எதிரேயிருப்பவரைச் சோதிப்பது நம் கடமை. அழைத்தவர் எண்ணிலேயே திரும்பப் பேசாமல், நாமறிந்த எண்ணில் வங்கியையோ காவல் நிலையத்தையோ கேட்போம். பணம் பறிபோயின் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிப்போம். மக்கள் வெளிநாட்டில் இருக்க, தனித்து வாழும் பெரியோர் நம் அடுத்த வீட்டிலேயே உள்ளனர். அச்சுறுத்தும் அழைப்பு வந்த வேளையில், “சற்று வந்து இதைப் பாருங்கள்” என்று அவர்கள் அழைக்கத்தக்கவராய் நாம் இருப்போமாக. அன்று அறிமுகக் கடிதத்துடன் வந்தவர்க்குக் கதவைத் திறந்த இச்சமுதாயத்துக்கு இஃது அரிய செயலன்று.