பட்டிமன்றத்தில் என்ன பட்டி?

போன மாதம் எங்கள் குடியிருப்புத் தமிழர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பட்டிமன்றம் வைத்தோம். நோட்டீஸைப் பார்த்த மலையாள நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் ஊரில் பட்டி என்றால் நாய். "எல்லாரும் கூடிக் குரைப்பீங்களா?" என்றார். பக்கத்தில் நின்ற கன்னட நண்பருக்கோ பட்டி என்றால் பட்டியல். பெங்களூரில் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது :-)

நமக்கு என்ன பட்டி? மாட்டுப்பட்டி இருக்கிறது, உசிலம்பட்டி இருக்கிறது. "பட்டிதொட்டியெல்லாம் நடப்பதால் பட்டிமன்றம்" என்று ஒரு விளக்கத்தை அடித்துவிட்டு வந்துவிட்டேன். இரவு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் உளறியது தெரிந்தது.

முதல் விஷயம், 'மன்றம்' புதுசு. பழைய பெயர் பட்டிமண்டபம். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழாவைச் சொல்லும் இடத்தில் வருகிறது. வடக்கே போய்விட்டுத் திரும்பும் கரிகாலனுக்கு வச்சிர நாட்டு அரசன் முத்துப்பந்தர் தருகிறான், அவந்தி அரசன் தோரணவாயில் தருகிறான், மகத அரசன் தந்தது பட்டிமண்டபம். ஆக, இது பட்டிக்காட்டுச் சமாச்சாரம் இல்லை. புகாரில் நின்ற அரச மண்டபம். பழைய உரைகள் இதைக் கல்வி மண்டபம் என்றே எடுத்துக்கொள்கின்றன.

அங்கே என்ன நடந்தது என்பதை மணிமேகலை சொல்கிறது. 28 நாள் இந்திரவிழாவுக்கு யானை மேல் முரசு வைத்து அறிவிக்கிறார்கள். தெருவில் புது மணல் பரப்புங்கள், கொடி கட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்து, சமயவாதிகளே, முறை அறிந்து பட்டிமண்டபம் ஏறுங்கள் என்கிறார்கள். அடுத்த அறிவிப்புதான் எனக்குப் பிடித்தது. பகைவரே எதிரில் வந்தாலும் கோபமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போங்கள். வாதத்துக்கு ஒரு மண்டபம் ஒதுக்கிவிட்டு, தெருவில் சண்டை கூடாது என்கிறது ஊர்.

மாணிக்கவாசகரும் இந்தச் சொல்லை எடுக்கிறார். எட்டும் இரண்டும்கூடத் தெரியாத என்னைப் பட்டிமண்டபத்தில் ஏற்றிவிட்டாயே என்று இறைவனிடம் புலம்புகிறார். கவனித்தீர்களா? இரண்டு இடத்திலும் 'ஏறுவது'தான். தகுதியோடு ஏற வேண்டிய இடம், தெரியாமல் ஏறினால் மானம் போகிற இடம். கம்பர் காட்டும் அயோத்தியிலும், கலைகளை ஆராயும் பட்டிமண்டபம் ஒன்று உண்டு.

அந்தக் கம்பர் பெயரால்தான் சொல்லுக்கு மறுவாழ்வு. 1939-ல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பன் விழா மேடைகளில் பட்டிமண்டபம் மறுபடி ஏறியது. நடுவர் என்றால் குன்றக்குடி அடிகளார் என்று சொல்லும் தலைமுறை ஒன்று இருந்தது. பிறகு சாலமன் பாப்பையா பண்டிகைக் காலையில் டிவி வழியாக வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். அதற்குள் மண்டபம் மன்றமாகியிருந்தது.

பெயரோடு இன்னொன்றும் மாறியிருக்கிறது. மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் வஞ்சியில் சமயவாதிகளை ஒவ்வொருவராகப் போய்க் கேட்கிறாள். ஒவ்வொருவரும் சொல்வது தான் நம்புவதை. இப்போது நமக்கு அணியைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் பேச வேண்டும்.

எங்கள் தலைப்பு, 'ஊரை விட்டு வந்ததில் பெற்றதே அதிகமா, இழந்ததே அதிகமா?' சீட்டுக் குலுக்கியதில் எனக்கு 'பெற்றதே'. சம்பளம், பிள்ளைகள் படிப்பு, பெங்களூர்க் குளிர் என்று அடுக்கினேன். நல்ல கைதட்டல். நடுவரும் எங்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னார். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பஸ் ஏற்றிவிடப் போனபோது கேட்டார், "நல்லாத்தான் பேசின. ஏன்டா, நெசமாவே அப்படித்தான் நினைக்கிறியா?"

"அது சும்மா பட்டிமன்றம்பா" என்றேன்.

சும்மா ஏறுகிற இடமாக அது இருந்ததில்லை என்று அதற்கு முந்தின வாரம்தான் படித்திருந்தேன்.