ஷெல்ட் முகத்துவாரப் போர் (1944)

ஷெல்ட் முகத்துவாரப் போர் என்பது இரண்டாம் உலகப் போரில், 1944 அக்டோபர் தொடக்கம் முதல் நவம்பர் 8 வரை, பெல்ஜியத்தின் வடபகுதியிலும் நெதர்லாந்தின் தென்மேற்கிலும் நடந்த தொடர் சண்டைகளுக்குப் பொதுப்பெயர். கனடிய முதலாம் படை முன்னின்று நடத்தியது. பிரிட்டிஷ், போலந்துப் பிரிவுகளும் அதன் கீழ்ப் போரிட்டன. ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரும் ஆற்றுவழியை ஜெர்மானியரிடமிருந்து மீட்பதே நோக்கம்.

பிரிட்டனின் 11ஆவது கவசப் படைப்பிரிவு செப்டம்பர் 4 அன்றே ஆன்ட்வெர்ப் நகருக்குள் நுழைந்துவிட்டது. பெல்ஜிய எதிர்ப்பியக்கத்தினர் முந்திக்கொண்டு காத்ததால் கப்பல்துறைகள் பெரிய சேதமின்றிக் கிடைத்தன. ஆனால் துறைமுகம் கடலிலிருந்து சுமார் 80 கி.மீ. உள்ளே இருக்கிறது. இடைப்பட்ட ஷெல்ட் ஆற்றின் இரு கரைகளும் ஜெர்மானியர் வசமே இருந்தன. ஆற்றில் கண்ணிவெடிகள் வேறு. நேச நாட்டுப் படைகளோ நார்மண்டியிலிருந்து நூற்றுக்கணக்கான கி.மீ. லாரியில் வந்த எரிபொருளையும் குண்டுகளையும் நம்பிப் போரிட்டுக்கொண்டிருந்தன.

ஆற்றங்கரைகளை உடனே பிடித்திருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியின் கவனம் ஆர்ன்ஹெம் பாலத்தை நோக்கிய 'மார்க்கெட் கார்டன்' நடவடிக்கையில் இருந்தது. முகத்துவாரம் திறக்காமல் ஆன்ட்வெர்ப்பால் பயனில்லை என்று கடற்படைத் தளபதி ராம்சே எச்சரித்தும் பலனில்லை. கனடியர்கள் பூலோன், கலே போன்ற ஆங்கிலக் கால்வாய்க் கரைத் துறைமுகங்களைப் பிடிக்க அனுப்பப்பட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் ஜெர்மனியின் 15ஆவது படை 80,000க்கும் மேற்பட்ட வீரர்களைப் படகுகளில் ஆற்றைக் கடத்திவிட்டது. அவர்களில் ஒரு பகுதியினரே பின்னர் கனடியர்களை எதிர்த்து நின்றார்கள். ஷெல்ட்டில் கொடுத்த விலையில் பெரும்பங்கு செப்டம்பரில் தவறவிட்ட நாட்களுக்கானது. முகத்துவாரத்தைத் திறப்பதற்கு மான்ட்கோமரி முழு முன்னுரிமை தந்து ஆணையிட்டது அக்டோபர் 16 அன்றுதான்.

போர்க்களம் பெரும்பாலும் போல்டர் நிலம். கரை கட்டிக் கடலிடமிருந்து மீட்ட, கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த வயல்வெளி. மேட்டுநிலம் என்றால் கரைகள் மட்டுமே. சாலைகளும் அவற்றின் மீதே ஓடின. கரைமேல் ஏறியவன் துப்பாக்கிக்கு நேர் இலக்கு. கீழே இறங்கிப் பதுங்குகுழி தோண்டினால் இரண்டடிக்குள் தண்ணீர் ஊறிவிடும். டாங்கிகள் சேற்றில் புதைந்தன. வாரக்கணக்கில் நனைந்த உடையோடும் காலணியோடும் காலாட்படை அடி அடியாக முன்னேற வேண்டியிருந்தது.

கனடிய முதலாம் படையின் தலைவர் ஹாரி கிரேரார் நோயுற்றிருந்ததால் கை சைமண்ட்ஸ் பொறுப்பேற்றிருந்தார். தென்கரையில் பிரெஸ்கன்ஸ் பகுதியை மீட்கும் பணி 3ஆவது கனடிய காலாட்படைப் பிரிவுக்கு. அக்டோபர் 6 விடியலில் தீயுமிழும் 'வாஸ்ப்' வண்டிகள் லியோபோல்ட் கால்வாயின் மறுகரையில் நெருப்பைப் பொழிந்தன. எதிரி நிலைகுலைந்த அந்தச் சிறு நேரத்தில் வீரர்கள் படகுகளை இழுத்துக் கடந்தார்கள். பிடித்ததென்னவோ ஒரு துண்டு நிலம். அடுத்த சில நாட்கள் அதைத் தக்கவைப்பதிலேயே கழிந்தன. அக்டோபர் 9 அன்று மற்றொரு படையணி நீரிலும் நிலத்திலும் செல்லும் 'பஃபலோ' வண்டிகளில் பின்பக்கமாகக் கரையிறங்கிய பிறகே நிலைமை மாறியது.

வடக்கே 2ஆவது காலாட்படைப் பிரிவு, தெற்கு பெவலாந்து தீபகற்பத்தின் வாயிலான வூன்ஸ்ட்ரெக்ட் பகுதியை நோக்கி நகர்ந்தது. அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை, கனடிய பிளாக் வாட்ச் ரெஜிமென்ட் மறைவேதுமற்ற பீட் வயல்களைத் தாண்டித் தாக்கியது. ஒரே நாளில் 145 பேர் மாண்டார்கள் அல்லது காயமடைந்தார்கள். நான்கு கம்பெனித் தலைவர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை. அந்த ரெஜிமென்ட்டுக்கு அது இன்றும் 'கறுப்பு வெள்ளி'.

இவ்விரண்டு பகுதிகளையும் தவிர எஞ்சியது, முகத்துவாரத்தில் இருந்த வால்கெரன் தீவு. கடலைத் தடுத்துநின்ற கரையை உடைத்துத் தீவையே மூழ்கடிக்கலாம் என்பது சைமண்ட்ஸின் யோசனை. பொறியாளர்கள் ஐயப்பட்டார்கள், அக்டோபர் 3 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் வெஸ்ட்கப்பெல்லேயில் கரையைத் தகர்த்தே காட்டின. ஊரில் 150க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். முன்னதாகத் துண்டறிக்கை எச்சரிக்கை போடப்பட்டது உண்மை, ஆனால் தீவில் இருந்தவர்கள் எங்கே போவார்கள்? 1945இலும் கடல்நீர் உள்ளே வந்துபோய்க்கொண்டிருந்தது.

தீவையும் தெற்கு பெவலாந்தையும் இணைத்தது சுமார் 1,200 மீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு நேர்ச்சாலை. இருபுறமும் சேறு, படகும் போகாது, காலும் ஊன்றாது. அக்டோபர் 31 முதல் மூன்று நாட்கள் பிளாக் வாட்ச், கால்கரி ஹைலாண்டர்ஸ், ரெஜிமென் த மெசொன்னவ் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அந்தச் சாலையில் பாய்ந்தன. மறுமுனையில் சிறிது இடம் கிடைத்தது, பறிபோனது, மீண்டும் கிடைத்தது. நவம்பர் 1 அன்று பிரிட்டிஷ் கமாண்டோக்கள் கடல்வழியே இறங்கினார்கள். நவம்பர் 6இல் மிடில்பர்க் வீழ்ந்தது. சாதாரண அதிகாரியிடம் சரணடைய ஜெர்மன் தளபதி டாஸர் மறுக்கவே, பிரிட்டிஷ் மேஜர் ஒருவர் அவசரத்துக்குத் தன்னை லெப்டினன்ட் கர்னல் என்று சொல்லிக்கொண்டு காரியத்தை முடித்தார்.

நேச நாட்டுத் தரப்பின் இழப்பு, மாண்டோர், காயமடைந்தோர், காணாமற்போனோர் உட்பட 12,873. அதில் 6,367 பேர் கனடியர். கைதான ஜெர்மானியர் 41,000க்கும் அதிகம். காலாட்படையில் ஆள் பற்றாக்குறை கனடிய அரசையே உலுக்கியது. கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களையும் கடல்கடந்து அனுப்ப வேண்டும் என்று வாதிட்ட பாதுகாப்பு அமைச்சர் ரால்ஸ்டன் நவம்பர் 1 அன்று பதவியிழந்தார். அவரை நீக்கிய பிரதமர் மெக்கன்சி கிங்கே அந்த மாத இறுதிக்குள் 16,000 பேரை அனுப்ப இணங்க நேர்ந்தது.

கண்ணிவெடிகள் அகற்றப்பட்டு, நவம்பர் 28 அன்று முதல் கப்பலணி ஆன்ட்வெர்ப் சேர்ந்தது. முன்னே வந்தது கனடாவில் கட்டப்பட்ட 'ஃபோர்ட் கேட்டரக்வி'. வரவேற்பு விழாவுக்குக் கனடியப் படை அழைக்கப்படவில்லை என்பது கனடிய வரலாற்றாசிரியர்களின் நெடுநாள் மனக்குறை. சில வாரங்களில், டிசம்பர் 16 அன்று, ஆர்டென் காடுகள் வழியே ஹிட்லர் தொடங்கிய பெருந்தாக்குதலின் இலக்கும் இதே துறைமுகம்தான்.

இறந்த கனடியர்களில் பலர் பெல்ஜியத்தின் அடெகெம், நெதர்லாந்தின் பெர்கன் ஒப் ஸூம் ஆகிய போர்க் கல்லறைகளில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இப்போரை வைத்து நெதர்லாந்தில் எடுக்கப்பட்ட 'தி ஃபர்காட்டன் பேட்டில்' திரைப்படம் 2020இல் வெளிவந்தது. அதன் முதன்மைப் பாத்திரங்கள் மூன்று: ஜெர்மன் படையில் சேர்ந்த டச்சு இளைஞன், பிரிட்டிஷ் கிளைடர் விமானி, எதிர்ப்பியக்கத்துக்கு உதவும் டச்சுப் பெண். கனடியர் ஒருவரும் இல்லை.