கேட்போரும் அனுப்புவோரும்: அமெச்சூர் வானொலிக்குள் இளையோர் வந்த வழிகள் (1909–2009)

ஆய்வுச் சுருக்கம்

அமெச்சூர் வானொலியை மாணவர்க்கு அறிமுகப்படுத்தும் முயற்சிகள் பெரும்பாலும் விளக்கவுரையாகவும் செயல்விளக்கமாகவும் நின்றுவிடுகின்றன. 1909 முதல் 2009 வரையிலான சில நிகழ்வுகளை முன்வைத்து, இத்துறைக்குள் இளையோர் உண்மையில் எவ்வாறு நுழைந்தனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. கருவியைத் தம் கையால் கையாண்டதும், விடை முன்கூட்டித் தெரியாத வினா ஒன்றை எதிர்கொண்டதுமே அவர்களை இத்துறையில் நிலைக்கச் செய்தன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அமெச்சூர் வானொலி, சிற்றலை, செசில் கோய்டர், பள்ளி வானொலிக் குழுக்கள், செய்முறைக் கல்வி

முன்னுரை

தமிழில் ‘அமெச்சூர்’ என்னும் சொல் முதலில் நாடக மேடையையே நினைவூட்டும். பகலில் அலுவலகப் பணியும் மாலையில் ஒத்திகையுமாக இயங்கியோரின் குழுக்களை அமெச்சூர் நாடகக் குழுக்கள் என்றோம். ஊதியம் கருதாது விருப்பத்தால் ஒன்றில் ஈடுபடுதல் என்னும் அப்பொருள் வானொலிக்கும் அப்படியே பொருந்துகிறது. சிக்கல் ‘வானொலி’ என்னும் சொல்லில்தான் உள்ளது. அது அழகிய ஆக்கம். எனினும் வானிலிருந்து வரும் ஒலியைக் கேட்பவரை மட்டுமே அது கருதுகிறது. அமெச்சூர் வானொலியரோ கேட்பதோடு அனுப்பவும் செய்பவர். ‘ஹாம்’ என்ற பெயரால் உலகெங்கும் அறியப்படும் இவர்கள், அரசின் உரிமம் பெற்று, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில், வணிக நோக்கமின்றி ஒருவரோடு ஒருவர் தொடர்பு கொள்கின்றனர். வானொலி பற்றிய நம் ஆய்வுகள் நிகழ்ச்சிகளையும் மொழிநடையையும் நேயர்களையும் விரிவாகப் பேசியுள்ள அளவுக்கு, அனுப்பியவர்களைப் பேசவில்லை. அவர்களுள் பலர் பள்ளி மாணவர்களாக இத்துறைக்குள் வந்தவர்கள்.

பயனற்றவை எனத் தள்ளப்பட்ட அலைகள்

1909 ஜனவரி 2 அன்று நியூயார்க்கில் சில சிறுவர்கள் கூடி ‘இளையோர் கம்பியில்லாத் தந்திக் கழகம்’ ஒன்றைத் தொடங்கினர். அக்காலத்தில் அமெரிக்காவில் இதற்கு உரிமம் தேவைப்படவில்லை; செப்புக் கம்பியும் பொறுமையும் போதும். அட்டை உருளை மீது கம்பியைச் சுற்றிச் சுருளாக்கி, கலினா என்னும் ஈயக் கனிமத் துண்டின் மீது மெல்லிய கம்பி முனையை அங்குமிங்கும் நகர்த்தி, குறிகை கேட்கும் புள்ளியைத் தேடுவர். (கலினாவைப் பயன்படுத்தும் உணர்விக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் ஜகதீஷ் சந்திர போஸ் என்பது நம் பாடநூல்கள் அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி.) மின்கலம்கூடத் தேவைப்படாத அந்தக் கருவியில், கேட்பது என்பதே ஒரு கைவினையாக இருந்தது.

1910-இல் தனியாரின் கம்பியில்லாத் தந்திக்குக் கட்டுப்பாடு விதிக்கும் மசோதா ஒன்று அமெரிக்க செனட்டின் முன் வந்தபோது, இக்கழகத்துச் சிறுவர்கள் வாஷிங்டன் சென்று எதிர்ப்புத் தெரிவித்தனர். அம்மசோதா நிறைவேறவில்லை. ஆயினும் டைட்டானிக் கப்பல் மூழ்கிய 1912-ஆம் ஆண்டிலேயே வந்த வானொலிச் சட்டம், அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளங்களும் கொண்ட பகுதிக்குள் ஒதுக்கியது. நெடுந்தொலைவுத் தொடர்புக்கு நீண்ட அலைகளே ஏற்றவை என்பது அன்றைய பொறியாளர் கருத்து. ஆகவே யாருக்கும் பயன்படாதது எனக் கருதப்பட்ட பகுதியே இவர்களுக்குக் கிடைத்தது. அடுத்த 12 ஆண்டுகளின் வரலாறு அந்தக் கருத்து தவறு என்று மெய்ப்பித்த வரலாறாகும். இளையோர் கழகம் 1911-இல் ‘அமெரிக்க வானொலிக் கழகம்’ எனப் பெயர் மாறியது. அதன் உறுப்பினர்கள் கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச்சில் அமைத்த நிலையத்தின் குறிகைகளை, 1921 டிசம்பரில் பால் காட்லி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசன் கடற்கரையில் ஒரு கூடாரத்துக்குள் இருந்தபடி கேட்டார். 1923 நவம்பரில், ஏறத்தாழ 110 மீட்டர் அலையில், பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே அமெச்சூர்களின் இருவழித் தொடர்பு முதன்முறையாக ஏற்பட்டது.

மில் ஹில் பள்ளி, 1924

இக்கட்டுரைக்கு மையமான நிகழ்வு 1924 அக்டோபர் 18 அன்று நடந்தது. லண்டனை அடுத்த மில் ஹில் பள்ளியில் பயின்ற 18 வயது மாணவர் செசில் கோய்டர், பள்ளியின் 2எஸ்இசட் என்னும் அழைப்புக்குறி கொண்ட நிலையத்திலிருந்து, நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் ஷாக் பள்ளத்தாக்குப் பண்ணையில் இருந்த ஃபிராங்க் பெல்லுடன் மோர்ஸ் குறிகளில் இருவழித் தொடர்பு கொண்டார். இடைப்பட்ட தொலைவு 18,000 கிலோமீட்டருக்கும் மேல். உலக உருண்டையில் ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கம். பூமியில் இதைவிட அதிகத் தொலைவில் பேச அநேகமாக இடமே இல்லை.

பிரிட்டனுக்கும் நியூசிலாந்துக்கும் இடையிலான முதல் இருவழி வானொலித் தொடர்பு என்று இந்நிகழ்வு நூல்களில் ஒரு வரியாகக் கடந்துபோகிறது. ஆனால் அந்த நாளில் எவை அறியப்படாமல் இருந்தன என்பதையும் கேட்க வேண்டும். சிற்றலைகள் உலகைச் சுற்றிச் செல்வது மேல்வளியில் உள்ள மின்னூட்டப் படலம் அவற்றை வளைத்துத் திருப்பி அனுப்புவதால்தான். அப்படி ஒரு படலம் இருக்கக்கூடும் என்று கென்னலியும் ஹெவிசைடும் 1902-இலேயே கூறியிருந்தனர். அதற்கு எட்வர்ட் ஆப்பிள்டன் நேரடிச் சான்று தந்த சோதனை நடந்ததோ 1924 டிசம்பர் 11 அன்று. அதாவது மாணவர் கோய்டரின் தொடர்புக்கு ஏறத்தாழ எட்டு வாரங்கள் கழித்து. அறிவியல் உறுதி செய்வதற்கு முன்பே ஒரு பள்ளி நிலையம் அந்தப் படலத்தைப் பயன்படுத்திவிட்டது. பாடநூலில் விடை இல்லாத சோதனை அது. தோல்வியும் நேரலாம் என்ற நிலை அந்த மாணவர் முன் உண்மையாகவே இருந்தது.

பெல்லின் வீட்டில் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. அவர் விலகியபின் நிலையத்தை ஏற்று நடத்தியவர் அவருடைய சகோதரி பிரெண்டா பெல். நியூசிலாந்தின் முதல் பெண் அமெச்சூர் வானொலியரான அவர், 1927-இல் அந்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவுடன் முதன்முதலில் தொடர்பு கொண்டவராகவும் ஆனார். கருவி வீட்டிலேயே இருந்ததால் அத்தொழில் அவர் கைக்கு வந்தது. வகுப்புகளோ சங்கங்களோ அதற்குத் தேவைப்படவில்லை.

சென்னை, 1924 முதல் 1939 வரை

அதே 1924-இல் சென்னையிலும் ஆர்வலர்கள் கூடினர். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் மே மாதத்தில் உருவான சென்னை மாகாண வானொலிக் கழகம் ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் நெருக்கடியால் 1927-இல் அது நின்றது. அதன் பரப்பி சென்னை மாநகராட்சிக்குச் சென்றது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. மாலையில் இசையும், பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளும் இடம்பெற்றன.

மில் ஹில்லுக்கும் சென்னைக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. இரு இடங்களிலும் விருப்பத்தால் கூடியவர்களே முன்னின்றனர். ஒன்றில் மாணவர் கையில் மோர்ஸ் சாவி இருந்தது. மற்றொன்றில் மாணவர் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்தார். இதைச் சென்னையின் குறை என்று எழுதுவது எளிது, நேர்மையன்று. குடியேற்ற ஆட்சியில் அனுப்பும் உரிமம் அரிதாகவே கிடைத்தது. அரசின் பார்வையில் அனுப்பும் கருவி ஐயத்துக்குரிய பொருள். 1939-இல் போர் தொடங்கியதும் அமெச்சூர் உரிமங்கள் இரத்து செய்யப்பட்டு, கருவிகளை ஒப்படைக்கும் நிலை வந்தது. 1942 ஆகஸ்டில் பம்பாயில் காங்கிரஸ் வானொலி மறைவாக இயங்கியபோது அதற்குக் கருவி அமைத்துக் கொடுத்தவர் நரிமன் பிரிண்டர் என்னும் அமெச்சூர். அதை முன்னின்று நடத்திய உஷா மேத்தாவுக்கு வயது 22. அரசின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

இந்த இரு கதைகளும் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. 1936-இல் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக வந்தவர் அதே செசில் கோய்டர். குறைந்த செலவில் பரந்த நாடு முழுவதையும் எட்டச் சிற்றலையே வழி என அவர் வகுத்த திட்டத்தின்படியே தில்லி, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் சிற்றலைப் பரப்பிகள் எழுந்தன. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் மத்திய அலையில் 1939 மே 16 அன்றும் தொடங்கின. தமிழ் வானொலி மரபின் தொடக்கமாக நாம் போற்றும் அந்நிலையங்களின் பின்னணியில், பள்ளிப் பருவத்தில் சிற்றலையின் ஆற்றலைத் தன் விரல்களால் அறிந்த ஒருவரின் தீர்ப்பும் இருக்கிறது.

கெட்டரிங் மாணவர்கள்

அனுப்புதல்தான் இளையோரை ஈர்க்கிறது என்று இதுவரை கூறியதைக் கொண்டு முடிவு கட்டினால், அடுத்த சான்று அதைத் திருத்துகிறது. இங்கிலாந்தின் கெட்டரிங் இலக்கணப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரியும் வேதியியல் ஆசிரியர் டெரெக் ஸ்லேட்டரும் மாணவர்களோடு சேர்ந்து சோவியத் செயற்கைக்கோள்களின் குறிகைகளைக் கேட்டு வந்தனர். அவர்கள் எதையும் அனுப்பவில்லை. குறிகை எப்போது எழுந்தது, எப்போது மறைந்தது என்று குறித்தார்கள், நாள்தோறும் குறித்தார்கள். 1966 மார்ச்சில் ஏவப்பட்ட காஸ்மோஸ் 112-இன் பாதை, அதுவரை அறியப்பட்ட பைகனூர் ஏவுதளத்தோடு பொருந்தவில்லை. அக்டோபரில் காஸ்மோஸ் 129 ஏவப்பட்டபோது இரு பாதைகளையும் பின்னோக்கி வரைந்தனர். அவை வெட்டிக்கொண்ட இடம் வட ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க். அங்கே ஓர் ஏவுதளம் இருப்பதைச் சோவியத் அரசு 1983 வரை ஒப்புக்கொள்ளவில்லை.

கடிகாரம், பழைய ஏற்பி, குறிப்பேடு: இவ்வளவே கருவிகள். அனுப்பவில்லை என்பதால் இம்மாணவர்கள் வெறும் நேயர்களாகிவிடவில்லை. கேட்டதை அளந்தார்கள்; அளவிலிருந்து வினா பிறந்தது. 1961 டிசம்பர் 12 அன்று விண்ணுக்குச் சென்ற முதல் அமெச்சூர் செயற்கைக்கோளான ஆஸ்கார் 1-இன் அமைப்பும் இத்தகையதே. மோர்ஸ் குறியில் ‘ஹாய்’ என்பதை மட்டுமே அது திரும்பத் திரும்ப அனுப்பியது. குறிகளின் வேகம் கலத்தின் வெப்பநிலையைப் பொறுத்து மாறியதால், நிறுத்து கடிகாரத்தோடு கேட்டவர்கள் விண்ணில் ஒரு வெப்பமானியைப் படித்தவர்களானார்கள். 28 நாடுகளிலிருந்து 570-க்கும் மேற்பட்டோர் தம் அளவீடுகளை அனுப்பினர்.

இன்றைய செயல்பாடுகள் பற்றி

இன்று பள்ளிகளில் மிகுந்த கவனம் பெறுவது பன்னாட்டு விண்வெளி நிலைய வீரர்களுடனான உரையாடல். 2000 டிசம்பர் 21 அன்று சிகாகோவை அடுத்த ஒரு பள்ளியில் இது தொடங்கியது. நிலையம் வானில் தென்படும் சுமார் 10 நிமிடங்களில், வரிசையில் நிற்கும் மாணவர்கள் எழுதிவைத்த வினாக்களைக் கேட்டு ‘ஓவர்’ என்று முடிப்பர். நிகழ்ச்சி மனத்தைத் தொடுவதுதான். ஆயினும் ஆண்டெனாவைத் திருப்புவதும் அலைவெண்ணைச் சரிசெய்வதும் பெரியவர் கையில் இருக்குமானால், மாணவர் மீண்டும் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்தவரே. நிலையம் நொடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கி விலகுவதால், 145.8 மெகாஹெர்ட்ஸ் குறிகை 3 கிலோஹெர்ட்சுக்கும் கூடுதலாக ஏறி இறங்குகிறது. வீரர் பேசாத நாள்களிலும் இதை மாணவர்கள் தாமே அளக்கலாம். உரையாடலைவிட அந்த அளவீடே பயன் மிக்கது என்பது என் கருத்து.

‘நரி வேட்டை’ எனப்படும் விளையாட்டு இவ்வகையில் மிகச் சிறந்தது. உரிமம் பெற்ற ஒருவர் சிறிய பரப்பியை வளாகத்தில் எங்கேனும் மறைத்து வைப்பார். மாணவர்கள் எஃகு அளவுநாடாவைத் துண்டுகளாக்கிக் குழாயில் பொருத்தி, திசை அறியும் ஆண்டெனா செய்து தேடுவார்கள். தொலைவில் இருக்கும்போது திசை தெளிவாகத் தெரியும். கட்டடச் சுவர்கள் குறிகையை எதிரொளித்துத் தவறான பக்கம் இழுக்கும். மிக அருகில் சென்றதும் எல்லாத் திசையிலும் குறிகை ஒரே வலிமையோடு நிரம்பி ஏற்பி திணறும். அப்போது ஏற்பியை மார்போடு அணைத்து, தன் உடலையே மறைப்பாக்கி மெல்லத் திரும்ப வேண்டும். எதிரொளிப்பும் தடுப்பும் செறிவும் எந்தச் சூத்திரத்துக்கும் முன்பே உடலுக்குப் புரிந்துவிடுகின்றன.

கம்பி ஆண்டெனா கட்டுவதும் அத்தகையதே. 7.1 மெகாஹெர்ட்சுக்கு அரையலை நீளம் ஏறத்தாழ 20 மீட்டர் என்று கணக்கு சொல்லும். இரு மரங்களுக்கிடையே கட்டிப் பார்த்தால் தரையின் அண்மையும் கிளைகளும் அதை மாற்றிவிடும். கணக்குக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள அந்தச் சில அங்குலங்களை வெட்டி வெட்டிச் சரிசெய்யும் வேளையே செய்முறைக் கல்வி. பேரிடர்க் காலப் பணியை முன்வைத்துத் தொடங்கும் அறிமுக உரைகள் மதிப்புக்குரியவை. 2004 ஆழிப்பேரலையின்போது அந்தமானில் அமெச்சூர்கள் ஆற்றிய பணி எவரும் மறுக்க இயலாதது. எனினும் 12 வயதுப் பிள்ளையை இரவில் விழித்திருக்கச் செய்வது அதுவன்று.

இந்தியாவில் 12 வயது நிறைந்தோர் தேர்வெழுதி உரிமம் பெறலாம். மோர்ஸ் தேர்வு இல்லாத வரையறுக்கப்பட்ட உரிமமும் உண்டு. விண்துறையிலும் வாயில் திறந்தே இருந்திருக்கிறது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஹாம்சாட் செயற்கைக்கோளின் இரு மறுபரப்பிகளுள் ஒன்றை உருவாக்கியவர் நெதர்லாந்து மாணவர் ஒருவர். 2009 ஏப்ரல் 20 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் அதே தளத்திலிருந்து சென்றது.

பதிவேடுகளும் அட்டைகளும்

தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரி வானொலிக் குழுக்களின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு முதன்மைச் சான்றுகள் இரண்டு. ஒன்று, தொடர்பு கொண்ட நாள், நேரம், அலைவரிசை, எதிர்நிலையத்தின் குறி ஆகியவற்றை வரிசையாகக் கொண்ட பதிவேடு. மற்றொன்று, தொடர்பை உறுதிசெய்து இரு நிலையத்தாரும் அஞ்சலில் பரிமாறிக்கொள்ளும் கியூ.எஸ்.எல். அட்டை. ஆய்வகப் பொருள் பட்டியலில் ஏற்பிக்கு இடமுண்டு, பதிவேட்டுக்கு இல்லை. ஆதலின் குழு கலையும்போது முதலில் கழிக்கப்படுவது அதுவே. ஆசிரியர் ஓய்வுபெற்றதும் அட்டைகள் அவர் வீட்டுப் பரணுக்குச் செல்கின்றன. நாடக விளம்பரத் தாள்களையும் இசைத்தட்டு உறைகளையும் ஆவணமாக ஏற்றுக்கொண்ட நம் நூலகங்கள் இவற்றையும் கேட்டுப் பெறலாம். அஞ்சலட்டை அளவே உள்ள அவ்வட்டையில், எந்த மாணவர், எந்த இரவில், எத்தனை வாட் ஆற்றலில், எவ்வகை ஆண்டெனாவைக் கொண்டு, எந்த ஊரை எட்டினார் என்பது அவர் கையெழுத்திலேயே இருக்கும்.